கடைசிப் பத்தியில் வைத்த அளவு

ஜூன் 11, 2025. புதன்

கள்ளிக்குப்பம் மெயின் ரோட்டில் பாதாள சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்துக்கு இன்றோடு நாற்பத்தொரு நாள். மூடாத பகுதி பதினெட்டு அடி. அளந்து பார்த்தேன். நான் எழுதும் இலவச வார இதழுக்குப் பன்னிரண்டு வரி எழுதி அனுப்பினேன்.

மாலை ஐந்தரைக்குப் பக்கத்து வீட்டு லாவண்யா மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி. கம்பெனியில் வேலை. கணவன் பிரசன்னா ஆறு மாத வேலையாகப் புனே போயிருக்கிறான். மகள் மதிவதனிக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம்.

"மூணு நாளா எதையும் கடிக்க மாட்டேங்கறா சார். இட்லியக்கூட பால்ல கரைச்சுத்தான் குடுக்கறேன்."

குழந்தையின் இடது கன்னம் லேசாக உப்பியிருந்தது. என் மனைவி சுலோசனா மடியில் வாங்கி வாயைத் திறக்கச் சொன்னாள். மேல் முன்பற்கள் நான்கும் ஈறோரம் பழுப்பாகி, விளிம்பு உடைந்திருந்தன. கடைவாயில் ஒரு குழி. எட்டிப் பார்த்துவிட்டு நான் பின்வாங்கிக்கொண்டேன்.

"தேய்க்கறதுல குறையே இல்ல சார். ரெண்டு வேளையும் நானே தேய்ச்சு விடறேன். மூலிகைப் பேஸ்ட். ப்ளோரைடு இல்லாதது."

ஆவடியில் டாக்டர் ரேஷ்மா என்று குழந்தைகளுக்கான பல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார், நல்லவர், ஒருமுறை பேட்டி எடுத்திருக்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை துணைக்கு வருவதாகவும் சொன்னேன்.

ஜூன் 13. வெள்ளி

எழுத வேண்டும். வரிசையாக எழுதினால்தான் முடியும்.

டாக்டர் ரேஷ்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். லேசாகத் தலையசைத்தார். குழந்தையை நாற்காலியில் படுக்க வைத்து, கண்ணாடியால் பத்து நிமிடம் பார்த்தார். எட்டுப் பற்களில் சொத்தை. முன்பல் நான்கையும் எடுக்க வேண்டும். கடைவாய்ப் பல் நான்கில் இரண்டுக்கு வேர் சிகிச்சை, இரண்டுக்கு அடைப்பு. வீக்கம் வடிய முதலில் மருந்து.

"நாலு வயசுக் குழந்தை அவ்வளவு நேரம் வாயைத் திறந்து உக்காராது. மயக்க மருந்து குடுத்து ஆஸ்பத்திரியிலதான் செய்யணும்" என்றார். பிறகு, "என்ன பேஸ்ட்?"

லாவண்யா பேஸ்ட்டின் பெயரைச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தாள். "முன்னாடி சாதாரண பேஸ்ட்தான் டாக்டர். இதப் படிச்சதுக்கு அப்புறம்தான் மாத்தினேன். அப்ப இவளுக்கு ரெண்டு வயசு. க்ரெச் அம்மாங்க குரூப்ல வந்துச்சு."

பத்திரிகைப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியது. நாற்காலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே தலைப்பைப் படித்தேன். 'பற்பசையில் பதுங்கியிருக்கும் ஆபத்து'. பக்கத்தில் பழுப்புக் கோடு விழுந்த பற்களின் படம். தலைப்புக்குக் கீழே: நமது நிருபர்.

அது நான். 2023 ஆகஸ்ட் 20, ஞாயிறு இதழ், மூன்றாம் பக்கம்.

டாக்டர் முழுவதும் படித்தார். பிறகு விரலால் படத்தை மேலே தள்ளிக் கடைசி வரிக்குப் போனார். இன்னும் தள்ளிப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இவ்வளவுதான் டாக்டர் வந்துச்சு" என்றாள் லாவண்யா.

"நீங்க இவங்களுக்கு?" என்று என்னிடம்.

"பக்கத்து வீடு" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். நான்கு நொடி இருக்கும். அந்த நான்கு நொடியில் சொல்லியிருக்கலாம்.

திரும்பும்போது ஆட்டோவில் லாவண்யா, "எவனோ எழுதினதப் படிச்சுட்டு மாத்தினேன் பாருங்க. என்னைத்தான் சொல்லணும்" என்றாள். திருமுல்லைவாயல் தாண்டும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். நாளிதழிலிருந்து ஓய்வு பெற்றவன் என்றுதான் அவளுக்கு என்னைத் தெரியும். இந்த இலவச வார இதழுக்கு எழுதுவதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேலையாக அதை நான் நினைக்கவில்லை.

ஜூன் 14. சனி

சுலோசனாவிடமும் சொல்லவில்லை.

ஜூன் 16. திங்கள்

பரணிலிருந்து 2023 குறிப்பேடுகளை இறக்கினேன். ஆகஸ்ட் 11, டாக்டர் ரேஷ்மா, ஆவடி, காலை 10.20. என் கையெழுத்தில் இருப்பதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்:

"3 வயசுக்குள்: ஒரு அரிசி அளவு. 3 முதல் 6: பட்டாணி அளவு. பேஸ்ட்டைப் பெரியவங்கதான் வைக்கணும். துப்பப் பழக்கணும். தர்மபுரியில ஆபத்து தண்ணியில, அங்க ப்ளோரைடு ரொம்ப அதிகம். அதை வெச்சு இங்க பேஸ்ட்டை நிறுத்தச் சொல்லிடாதீங்க. நிறுத்தினா சொத்தை வரும். இதை மட்டும் விட்டுடாதீங்க சார்."

கடைசி வாக்கியத்தின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறேன், புரிந்திருக்கிறது, கோடும் போட்டிருக்கிறேன்.

அனுப்பிய பிரதியையும் தேடி எடுத்தேன். அளவு அதில் இருக்கிறது. கடைசிப் பத்தி, பதினோரு வரி. அச்சில் அந்தப் பத்தி இல்லை.

எங்கள் தொழிலில் செய்தியைத் தலைகீழாகக் கட்டுவோம். முக்கியமானது மேலே, போனாலும் பரவாயில்லை என்பது கீழே. பக்கம் கட்டும்போது விளம்பரம் வந்துவிட்டால் ஆசிரியர் குழு கீழிருந்து வெட்டும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆக, வெட்டியது பக்கம் கட்டியவர்கள்.

கொஞ்சம் மூச்சு வந்தது.

ஜூன் 19. வியாழன்

வார இதழின் ஆசிரியர் இருதயராஜைப் போனில் அழைத்தேன். வயதில் என்னைவிடப் பதினான்கு ஆண்டு இளையவர். நாளிதழில் என்னிடம் வேலை பழகியவர்.

"என்ன அண்ணே, ரெண்டு வருஷம் கழிச்சு போஸ்ட்மார்ட்டமா?"

"அந்தப் பதினோரு வரியை யார் எடுத்தது?"

"நீங்கதான்."

"நானா?"

"சனிக்கிழமை சாயங்காலம் மனை விளம்பரம் வந்துச்சு. இடம் பத்தல. உங்களுக்குப் போன் பண்ணி, எதை எடுக்கட்டும்னு கேட்டேன். கடைசிப் பத்தி, அது டாக்டருங்க வழக்கமா சொல்றதுதான், எடுத்துடுங்கன்னு சொன்னீங்க. நான்கூட, ஃபோட்டோவச் சின்னது பண்ணிக்கலாமான்னேன். ஃபோட்டோதான்டா நியூஸேன்னு திட்டினீங்க."

எனக்கு நினைவில்லை. ஆனால் நான் சொல்லியிருப்பேன். அந்தக் குரல் என்னுடையதுதான்.

ஜூன் 20. வெள்ளி

16-ஆம் தேதி இங்கே எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. குறிப்பேட்டில் டாக்டர் சொன்னதற்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில் நான் எழுதியது:

"நியூஸை டல் ஆக்குது. கீழே போடு."

அன்றே பார்த்தேன். பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். என் சொந்த டைரிக்கே அதை மறைத்தேன். யார் படிக்கப் போகிறார்கள் என்று?

ஜூன் 22. ஞாயிறு

ஓ.டி. பஸ் நிலையத்தில் செங்கல்வராயன் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் இதழை இந்தப் பக்கமெல்லாம் போடும் ஏஜென்ட்.

"இன்னா சார், மூஞ்சியே செரியில்ல?"

ஒன்றுமில்லை என்றேன்.

"நீ எழ்தனதுலயே அந்தப் பல்லு மேட்டரு தாம்பா டாப்பு. இன்னும் கேட்டுகினு வர்றாங்கோ. எங்க ஊட்டாண்ட ஆயா நடத்துற பால்வாடில செவுத்துல ஒட்டி வெச்சிகீறாங்கோ. எங்க ஊட்லயும் பேஸ்ட்ட தூக்கிக் கடாசியாச்சு. பேரனுக்குக் கரித்தூள்தான்."

"எத்தனை வயசு பேரனுக்கு?"

"அஞ்சு. பல்லு கொஞ்சம் கருப்பாத்தான் கீது. அது கரியாலன்னு நெனக்கிறேன்."

பெருமையாகச் சொன்னார். அவர் வீட்டுக்குப் போய்ப் பையனின் வாயைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பயமாக இருந்தது. டாக்டரின் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து, இந்த வாரமே காட்டுங்கள் என்றேன். "இன்னாத்துக்கு?" என்றார். பிறகு சொல்கிறேன் என்று நடந்துவிட்டேன்.

எட்டாயிரம் பிரதி. அதற்கு மேல் எத்தனை கைப்பேசிகள்? எண்ணிக்கை தெரியாத ஒன்றை எப்படி எழுதுவது.

ஜூன் 25. புதன்

தனியாக ஆவடி போனேன். நோயாளிகள் முடியும்வரை காத்திருந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம்.

டாக்டரிடம் பென்சில் குறிப்பு உட்பட எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதை நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன் போல. கிடைக்காதபோது என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அன்னைக்கே அவங்க முன்னால கேட்டிருக்கலாம். கேக்கல. அது நீங்க சொல்ல வேண்டியது" என்றார்.

"நான் எழுதினதாலதான் அந்தக் குழந்தைக்கு இப்படி ஆச்சா?"

"அப்படி ஒரே வரியில கேட்டா நான் என்ன சொல்றது? ராத்திரி பால் புட்டியோட தூங்கியிருக்கா, சர்க்கரை போட்ட பால். நாள் முழுக்க பிஸ்கட். வீட்டுல ஆர்.ஓ. தண்ணி, அதுல ப்ளோரைடு கிட்டத்தட்ட இருக்காது. இத்தனைக்கும் நடுவுல பல்லுக்கு இருந்த ஒரே காவல் அந்தப் பேஸ்ட். அதை எடுத்தது உங்க கட்டுரை. எவ்வளவு பங்குன்னு எனக்குத் தெரியாது. பங்கு இருக்கு."

பால் புட்டி என்றதும் என் மனம் அதைப் பிடித்துக்கொண்டது. பார், நீ மட்டும் இல்லை என்றது. முப்பத்தாறு ஆண்டுகளாக அதிகாரிகள் மழுப்புவதைப் பார்த்து மனசுக்குள் சிரித்தவன் நான். இன்று எனக்குள்ளேயே அப்படி ஒரு அதிகாரி கிடைத்துவிட்டான்.

மறுபடி கேட்டு, மறுபடி எழுதிக்கொண்டேன். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு, ஒரு நாளைக்கு இரண்டு முறை. பெட்டியில் ப்ளோரைடு ஆயிரம் பி.பி.எம். என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். பிரஷ் நீளத்துக்கு வழியவிடுவது விளம்பரப் படத்துக்கு. துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கத் தேவையில்லை. குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் டியூபை வைக்க வேண்டும், இனிப்பாக இருப்பதால் தின்றுவிடும். நிறைய விழுங்கினால் வளரும் நிலையான பல்லில் வெள்ளைத் திட்டு வரலாம்.

"கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அளவுதான் சார் மருந்தே. அன்னைக்கும் இதத்தான் சொன்னேன்" என்றார்.

வாசல்வரை வந்து, "இந்தத் தடவை எங்க வைப்பீங்க?" என்றார்.

ஜூன் 29. ஞாயிறு

பால்ராஜைப் பார்க்கப் போனேன். கட்டுரையில் வந்த பற்கள் அவருடையவை. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் டெக்னீஷியன், குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருக்கிறார். சொந்த ஊர் தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கம். சிறுவயதில் குடித்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல்லைப் பழுப்பாக்கிவிட்டது. அது உண்மை. அதில் நான் எதையும் மிகைப்படுத்தவில்லை.

ஹாலில் அவருடைய மூன்று வயது மகள் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

"என்ன பேஸ்ட் குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"சாதாரணமா எல்லாரும் வாங்கறதுதான் சார். நானே வெச்சு விடுவேன், இத்துனூண்டு."

"ப்ளோரைடு இருக்குமே."

சிரித்தார். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டார். "இருந்தா என்ன? எங்க ஊர்ல தண்ணியில அளவுக்கு மேல இருந்துச்சு. இங்க வர்றது ஏரித் தண்ணி. ரெண்டும் ஒண்ணா? அப்பவே உங்ககிட்ட சொன்னேனே சார். பேஸ்ட்டுக்கும் என் பல்லுக்கும் சம்பந்தம் இல்ல, தண்ணியப் பத்தி எழுதுங்க, எங்க ஊருக்கு நல்ல தண்ணி வரட்டும்னேன். அதுக்குத்தான் வாயத் தொறந்து காட்டினேன்."

குறிப்பேட்டில் அதுவும் இருக்கும். தேடிப் பார்க்கப் போவதில்லை.

"ஃபேக்டரில ஒரு வருஷம் என்னை 'ஆபத்து'ன்னுதான் கூப்பிட்டானுங்க. ஆபத்து வர்றான் பாரு, ஆபத்து டீ சாப்ட்டியான்னு." மறுபடி கை வாய்க்குப் போனது. "பரவால்ல, டீ சாப்பிடறீங்களா?"

வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 2. புதன்

லாவண்யாவின் மாமியார் கஸ்தூரி தென்காசியிலிருந்து வந்திருக்கிறார். நாளை மறுநாள் ஆஸ்பத்திரி. மாலையில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"ஊருல எத்தன பிள்ளையள் இருக்கு, ஒண்ணுக்காவது பல்லப் புடுங்கியிருக்கா? போன்ல வாரதயெல்லாம் பாத்து பிள்ளைய வளத்தா இப்படித்தான். படிச்சவளாம் படிச்சவ."

குழாய் திறந்த சத்தம். வெகுநேரம் ஓடியது.

சுலோசனா காய்கறி நறுக்குவதை நிறுத்தி, "பாவம்ங்க அந்தப் பொண்ணு. எவன் எழுதினானோ" என்றாள்.

அப்போது சொன்னேன்.

கத்தியைத் தட்டில் வைத்தாள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள். திரும்பி வந்து, "இருபது நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"உக்காருங்க. இப்ப போய்ச் சொன்னா உங்களுக்கு லேசாயிடும். அவ நாளன்னைக்குப் பிள்ளைய மயக்கத்துக்குக் குடுக்கணும். அதோட இதையும் தூக்கணுமா? முடியட்டும். முடிஞ்ச மறுநாள் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது."

அவள் சொல்வது சரி. அது எனக்கு வசதியாகவும் இருக்கிறது.

ஜூலை 4. வெள்ளி

ஆஸ்பத்திரி, காலை 7.10. பிரசன்னா வந்துவிட்டான். 8.30க்கு உள்ளே கொண்டுபோனார்கள். சக்கரக் கட்டிலில் மதிவதனி எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். என்னைப் பார்த்தும்.

10.50க்கு வெளியே. நான்கு பல்லையும் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். லாவண்யா அதை வாங்கிக் கைப்பையில் வைத்தாள், பிறகு வெளியே எடுத்தாள், எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். பயறு அளவுதான் இருந்தது ஒவ்வொன்றும்.

மயக்கம் தெளிந்ததும் குழந்தை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு அழுதாள். வலியால் அல்ல என்றார் நர்ஸ். காணோமே என்றுதான்.

ஜூலை 5. சனி

காலை பதினொன்றுக்குப் போனேன். சுலோசனா கூட வரட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

லாவண்யா, பிரசன்னா, கஸ்தூரியம்மா மூவரும் இருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். நிற்கும்போதே சொன்னேன், உட்கார்ந்தால் வராது என்று. அந்தக் கட்டுரையை எழுதியது நான். டாக்டர் அளவு சொன்னார். அதைக் கீழே வைத்தது நான், வெட்டச் சொன்னதும் நான். லாவண்யா செய்தது தப்பில்லை, அச்சில் வந்ததை நம்பினாள்.

பிரசன்னா எழுந்து ஃபேனைக் குறைத்தான்.

கஸ்தூரியம்மாதான் முதலில். "நீங்க எழுதுனிய, சரி. இவ எதுக்கு நம்பணும்?"

"அத்தை, கொஞ்சம் இருங்க" என்றாள் லாவண்யா. என்னிடம், "டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னைக்கே?"

"அன்னைக்கே."

"ஆட்டோவுல நான் பேசிக்கிட்டே வந்தேன். நீங்க கேட்டுக்கிட்டே வந்தீங்க."

"ஆமா."

"புதன்கிழமை இங்க நடந்ததெல்லாம் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்ல சார்?"

"கேட்டுது."

அவள் அழவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "எழுதினது தப்பு. அது எல்லாருக்கும் நடக்கும், எங்க வேலையிலயும் நடக்கும். ஆனா நீங்க எங்க கூடவே வந்தீங்களே சார்" என்றாள். பிறகு, "குழந்தை எந்திரிச்சுடுவா. நீங்க போங்க."

பிரசன்னா கதவுவரை வந்தான். நான் வெளியே வந்ததும் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான்.

ஜூலை 8. செவ்வாய்

எழுதி முடித்தேன். அளவு முதல் வாக்கியத்தில். யாரும் வெட்ட முடியாத இடம் அது ஒன்றுதான். இரண்டாம் பத்தியில், 2023 ஆகஸ்ட் 20 இதழில் வந்த கட்டுரையில் மருத்துவர் சொன்ன அளவு விடப்பட்டது, விட்டது நான், அதைப் படித்துப் பேஸ்ட்டை நிறுத்தியவர்கள் பிள்ளைகளின் பல்லை உடனே காட்டுங்கள் என்று. கீழே என் பெயர். குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அது என்னுடைய செய்தி அல்ல.

இருதயராஜ் படித்துவிட்டு, "அண்ணே, திருத்தம்னா நாலாம் பக்கத்துல மூணு வரி போடுவோம். அதான வழக்கம். நீங்க முதல் பக்கம் கேக்கறீங்க" என்றார்.

"தப்பு மூணாம் பக்கத்துல முக்கால் பக்கம் வந்துச்சு."

"சரி, பேரு எதுக்கு? அன்னைக்கு நமது நிருபர்னுதானே போச்சு. இன்னைக்கும் அப்படியே போட்டுட்டா ஆச்சு. அறுபத்தி மூணு வயசுல எதுக்கு உங்களுக்கு இது?"

"'நமது நிருபர்'ங்கறவன் வந்து அந்தப் பொண்ணு வீட்டுக் கதவத் தட்டுவானா?"

"அண்ணே, இப்படியே போனா இனி உங்ககிட்ட வேலை கத்துக்கிட்டேன்னு வெளிய சொல்லிக்க முடியாது போல" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார். பிறகு, "போடறேன்" என்றார்.

ஜூலை 13. ஞாயிறு

வந்துவிட்டது. முதல் பக்கம், மடிப்புக்கு மேலே. 'பேஸ்ட்டை நிறுத்தாதீர்கள், அளவைப் பாருங்கள்'. கீழே: ஞானசேகரன். முப்பத்தாறு ஆண்டில் என் பெயர் எத்தனையோ முறை வந்திருக்கிறது. இன்றுதான் அதைப் படிக்கக் கூசியது.

செங்கல்வராயன் கட்டைப் பிரித்து, நின்றபடியே வாய்விட்டுப் படித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை.

"பேரனைக் காட்டினீங்களா?" என்றேன்.

"இல்ல சார். நீ காரணம் சொல்லாத போய்ட்ட." பிரதிகளை அடுக்கினார். "நாளிக்கு இட்டுகினு போறேன். அந்தப் பால்வாடி செவுத்துல இருக்கறத நானே கிழிச்சிட்டு இத்த ஒட்றேன்."

போன மாதமே காரணத்தைச் சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

ஜூலை 15. செவ்வாய்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் மதியம் லாவண்யா முதல் பக்கத்தைப் படமாகப் போட்டாள். கூடவே ஒரு வரி: "எழுதியவர் நம்ம சி பிளாக் 304 ஞானசேகரன் சார். பழைய கட்டுரையும் அவருடையதுதான். சந்தேகம் இருந்தால் அவரையே கேளுங்கள்."

எழுபத்தாறு பேர் பார்த்திருக்கிறார்கள். மூன்று பேர் கும்பிடும் கை போட்டார்கள். எதற்கென்று தெரியவில்லை.

ஜூலை 19. சனி

பி பிளாக்கிலிருந்து ஒரு தாய் மட்டும் வந்தார். ஒன்றரை வயதுப் பையன் இடுப்பில். குழந்தையின் பிரஷ்ஷையும் டியூபையும் கொண்டு வந்திருந்தார். "வெச்சுக் காட்டுங்க சார், எவ்வளவுன்னு." டியூபில் இருந்ததைப் படித்துப் பார்த்துவிட்டு, சுலோசனாவிடம் ஒரு பச்சரிசி கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்து அளந்து காட்டினேன். "அவ்வளவுதானா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான். ஆனாலும் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், என்னை மட்டும் நம்ப வேண்டாம் என்றேன்.

"அதான் நீங்களே எழுதிட்டீங்களே" என்றார்.

ஆகஸ்ட் 2. சனி

சுலோசனா லாவண்யாவுக்கு ஆடிக் கூழ் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாளாம். என்னைப் பற்றிக் கேட்கவில்லையாம்.

ஆகஸ்ட் 24. ஞாயிறு

மார்க்கெட்டிலிருந்து வந்து லிஃப்டில் ஏறினேன். இரண்டு கையிலும் பை. கதவு மூடும் முன் லாவண்யாவும் மதிவதனியும் வந்துவிட்டார்கள். லாவண்யா தயங்கினாள், பிறகு ஏறினாள். எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மதிவதனி என்னை அண்ணாந்து பார்த்தாள். மேலே முன்னால் நான்கு பல்லுக்கு இடம் வெறுமையாக இருந்தது. பேசும்போது காற்று வந்தது.

"தாத்தா, நீங்கதான் பல்லப் பத்தித் தப்பா எழுதினீங்களா?"

"ஆமாம்மா."

"தெரியாமயா?"

"இல்ல. தெரிஞ்சே விட்டுட்டேன்."

யோசித்தாள். "எனக்குப் பெரிய பல்லு எப்ப வரும்?"

"ஏழு வயசு வாக்குல. முன்னப்பின்ன ஆகலாம். டாக்டர் சொன்னாங்க."

"ஏழுன்னா இன்னும் எவ்ளோ?"

"ரெண்டு வருஷம், எட்டு மாசம்."

அவள் அம்மாவைப் பார்த்தாள், சரிதானா என்று கேட்பது போல. லாவண்யா எண்களிலிருந்து கண்ணை எடுக்காமல், "சரிதான்" என்றாள்.

மூன்றாம் மாடி. அவர்கள் முதலில் இறங்கினார்கள். நான் பைகளைச் சரிசெய்வதற்குள் கதவு மூட வந்தது. லாவண்யா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, நான் வெளியே வரும்வரை அதைப் பிடித்திருந்தாள்.